வக்ஃபுக்கு ஒரு நியாயம், கழிமுகத்துக்கு ஒரு நியாயமா?



2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வட சென்னை ஜமாஅத்துகள் கூட்டிய ஒரு பொதுக்கூட்டத்திற்கு நாமும் சென்றிருந்தோம். மேடை ஏறியவர்கள் அனைவரும் ஒரே வாதத்தையே வெவ்வேறு சொற்களில் எடுத்து வைத்தார்கள். நம் பள்ளிவாசல்களுக்கும் கப்ருஸ்தான்களுக்கும் தர்காக்களுக்கும் பல இடங்களில் பத்திரம் கிடையாது. எழுதி வைத்தவர் எவர் என்பதும் தெரியாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே தொழுதிருக்கிறார்கள், தம் இறந்தோரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தப் பயன்பாடே அந்நிலத்தின் பத்திரம். "பயன்பாட்டால் வக்ஃப்" என்று இதுநாள்வரை சட்டமும் ஒப்புக்கொண்டிருந்த ஒன்றை, இனிப் புதிதாக உருவாக வழியில்லாமல் செய்துவிட்டார்கள். பழையவற்றிலும் அரசு நிலம் என்று தகராறு எழுந்தவற்றைப் பாதுகாப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். காகிதம் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று ஆகிவிடுமா என்று பேச்சாளர்கள் கேட்டபோது கூட்டம் தக்பீர் முழங்கியது. நாமும் முழங்கினோம். அது நியாயமான கேள்வி என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை.

திரும்பும் வழியில் அத்திப்பட்டுப் பக்கம் வசிக்கும் சிலரை இறக்கிவிடுவதற்காக வேன் எண்ணூர்க் கழிமுகத்தின் பாலத்தைக் கடந்தது. ஒருபுறம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மறுபுறம் சாம்பல் நிறத்தில் தேங்கிய நீர், அதில் இடுப்பளவு ஆழத்தில் நின்று இறால் தடவிக்கொண்டிருந்த இருவர். பின்னிருக்கையில் இருந்த ஓர் இளைஞர், "ஹஜ்ரத், இந்த எடமெல்லாம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் முன்னிருக்கைப் பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: "யாருக்கும் இல்லப்பா. வெறும் புறம்போக்கு."

எவரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு மணி நேரத்திற்கு முன்பு பயன்பாடே பத்திரம் என்று முழங்கிய அதே நாவுகள்தாம் அவை. நாமும் மௌனமாகவே இருந்தோம். அந்த மௌனத்திற்குப் பரிகாரமாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அந்தக் கழிமுகம் எவருக்கும் சொந்தமில்லாததா? கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இடம் அது. வடக்கே காயல்வழியே பழவேற்காடு ஏரியோடு அதற்குத் தொடர்பு உண்டு. பக்கிங்காம் கால்வாயும் அதில் வந்து கலக்கிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறைகளாக அங்கே வலை வீசுகிறார்கள். இருளர் சமூகத்தினர் வெறும் கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். இவர்களில் எவரிடமும் அந்த நீருக்குப் பட்டா கிடையாது; நீருக்குப் பட்டா போடுவதுமில்லை. எந்த நாளில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்து நிர்ணயிக்கும் "பாடு" என்னும் ஏற்பாடு இந்தக் காயல் கரைகளில் நெடுங்காலமாக உண்டு. எழுத்தில் இல்லாத உரிமை, எழுதிய பத்திரத்தைவிட ஒழுங்காகப் பேணப்பட்டு வந்திருக்கிறது. இது பயன்பாட்டால் வந்த உரிமை இல்லை என்றால் வேறு எது?

இனி அரசு செய்ததைப் பாருங்கள். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படித் தமிழ்நாட்டுக்குத் தயாரிக்கப்பட்ட வரைபடத்திற்கு 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அவ்வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு, எதுவும் கட்டக்கூடாத உயர்பாதுகாப்புப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அதே அரசு அலுவலகங்களிலிருந்து வேறொரு வரைபடம் வெளிவந்தது. அதில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணவில்லை! ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது, அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தாளில் மட்டும் அது தரையாகிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்து, மனுவுக்கு மேல் மனு போட்டு இந்த மோசடியை வெளிக்கொணர்ந்தவர்கள் மீனவர்களும் அவர்களோடு நின்ற சில குடிமக்களும்தாம். அம்மனுக்களில் கையெழுத்திட்டவர்களில் நம் ஜமாஅத் நிர்வாகிகள் எத்தனை பேர் என்று விசாரித்தோம். கிடைத்த பதிலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

வக்ஃப் நிலத்தை எவரோ தம் பெயருக்குப் பதிவு செய்துகொண்டால் நாம் என்ன சொல்வோம்? பதிவேட்டைத் திருத்திவிட்டான் என்போம். நிலம் அங்கேயேதான் இருக்கிறது, பள்ளிவாசல் அங்கேயேதான் இருக்கிறது, ஏட்டில் மட்டும் வேறு பெயர் என்போம். கழிமுகத்துக்கு நடந்தது இதற்கு மாறானதா? அநியாயமாக ஒரு சாண் நிலத்தை அபகரித்தவன் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. அதை நாம் பாகப்பிரிவினைத் தகராறுகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்துவிட்டோம். அண்ணன் தம்பியின் வேலியை நகர்த்தினால் அந்த ஹதீஸ் நம் நினைவுக்கு வருகிறது. பல்லாயிரம் சாண் நிலத்தில் நிலக்கரிச் சாம்பல் கொட்டினால் வருவதில்லை.

மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைக் கண்டால் தமக்கென்று வளைத்துக்கொள்வார்கள். அதற்கு "ஹிமா" என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனிமனித வளைப்பை ஒழித்தார்கள். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் அன்றி எவருக்கும் ஹிமா இல்லை என்று அறிவித்தார்கள். பொது நன்மைக்காகப் பாதுகாக்கப்படும் நிலம் என்று அச்சொல்லின் பொருளே மாறியது. மதீனாவுக்கு அருகே நகீஃ என்னும் இடத்தை அவ்வாறு பாதுகாத்தார்கள். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துள்ள அறிவிப்பும் அபூதாவூதில் உண்டு. அம்மூன்றில் நீரும் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸரஃப், ரபதா ஆகிய இடங்களையும் ஹிமாவாக்கினார்கள். அதற்குப் பொறுப்பாளராக ஹுனைய் என்பவரை நியமித்தபோது அவருக்கு இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் சாரம் இதுதான்: மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவரை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்ஃபானின் மந்தையையும் விடாதே. அவர்களுடைய கால்நடைகள் அழிந்தால் அவர்கள் தம் பேரீச்சந்தோப்புக்கும் பயிருக்கும் திரும்பிக்கொள்வார்கள். ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்து நிற்பான்.

இந்த வரலாற்றை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த இரு பெயர்களில் வந்து நின்றுவிடுவோம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்ஃபான் (ரலி) ஆகிய இருவரும் சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் உள்ளவர்கள். அவர்களுடைய செல்வம் ஹலாலானது. அவர்களைத் தீயவர்கள் என்று உமர் (ரலி) சொல்லவில்லை. அவர்களுக்குத் திரும்பிப் போக வேறு இடம் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. இது இம்மக்களின் நிலம், இதைப் பாதுகாப்புப் பகுதியாக்கியதால் நான் அவர்களுக்கு அநீதி செய்துவிட்டதாக அவர்கள் எண்ணக்கூடும், இன்றியமையாத தேவை இல்லாதிருந்தால் இதில் ஒரு சாணைக்கூட எடுத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் தம் அச்சத்தையும் வெளிப்படுத்தினார்கள். ஓர் ஆட்சியாளர் பொது நிலத்தில் கை வைக்கும்போது கை நடுங்க வேண்டிய விதம் அது.

எண்ணூரில் அந்தக் கட்டளை தலைகீழாக நிறைவேறியிருக்கிறது. பெருமந்தைகளுக்கு வாயில் அகலத் திறந்திருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்து 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கியது. அதன் சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து கசிந்து ஆற்றின் அடித்தரை உயர்ந்தது. பின்னர் வல்லூர் வந்தது. 2001இல் துறைமுகம் வந்தது, 2014இல் அதற்குக் காமராஜர் பெயரைச் சூட்டினார்கள். ஏழைப் பங்காளர் என்று போற்றப்பட்டவரின் பெயர்! இப்போது காட்டுப்பள்ளித் தனியார் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் காத்திருக்கிறது. அதில் ஒரு பங்கு கடலையே தூர்த்து உண்டாக்கப்பட வேண்டியது. இவர்கள் அனைவருக்கும் திரும்பிப் போக வேறு தோப்பும் பயிரும் உண்டு. இடுப்பளவு நீரில் நிற்பவருக்கு அந்த நீரைத் தவிர வேறில்லை.

2023 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கும். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலியின் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரத்தை அடைந்தது. படகும் வலையும் கரிய பசையாயின. கூழைக்கடாக்கள் சிறகை விரிக்க இயலாமல் அமர்ந்திருந்தன. கப்பல் கட்டவும் ராக்கெட் விடவும் தெரிந்த ஒரு நாட்டில், மீனவர்கள் வாளியையும் குவளையையும் கொண்டு வெறுங்கையால் எண்ணெயை அள்ளினார்கள். நிவாரணமாக அரசு அறிவித்தது மொத்தம் 8.68 கோடி ரூபாய். எண்ணூர் மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் சாலைக்கு ஓடிவந்தார்கள். அம்மோனியா அண்டை வீட்டாரின் மார்க்கத்தைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

இது மீனவர் பிரச்சினை, நமக்கென்ன என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலையாற்றில்தான் வரும். அது கடலுக்குள் செல்ல இருக்கும் வாசல் இந்தக் கழிமுகமே. வாசலைச் சாம்பலால் அடைத்தால் நீர் வீட்டுக்குள்தான் வரும். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் மணலி, மணலி புதுநகர்ப் பக்கம் நீரில் மூழ்கியதை நம்மில் பலர் மாடியில் அமர்ந்து பார்த்தோம். நம் மதரஸாக்கள் அப்போது நிவாரண முகாம்கள் ஆயின. நம் இளைஞர்கள் இரவு பகலாகப் பிரியாணிப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்திற்கும் சோறு சமைக்க ஆயத்தமாக இருக்கும் சமுதாயம், அந்த வெள்ளம் ஏன் வீட்டுக்குள் வந்தது என்று ஒருமுறையேனும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறதா?

நம்மிடையே எழும் ஆட்சேபங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். இவற்றில் ஒன்றிரண்டை ஜும்ஆவுக்குப் பின் நேரிலேயே கேட்டிருக்கிறோம். ஒரு ஜும்ஆ பயானில் கழிமுகத்தைக் குறிப்பிட்டதற்காக, "ஹஜ்ரத், அரசியல் பேசாதீங்க. தீனைப் பேசுங்க" என்று மரியாதையாகவே ஒருவர் கண்டித்தார். நாம் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். போன வெள்ளிக்கிழமை வக்ஃப் சட்டத்தைப் பற்றிப் பேசியபோது நீங்கள்தானே பாய் முதல் வரிசையில் தக்பீர் சொன்னீர்கள்? அன்று அது தீனாக இருந்தது, இன்று எப்படி அரசியலாயிற்று? அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்; பிறகு ஒருநாள் கழிமுகத்தைப் பார்க்க நம்மோடு வரவும் செய்தார்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் கண்டெய்னர் லாரிகளிலும்தான் நம் பிள்ளைகள் பிழைக்கிறார்கள், அதை எதிர்த்தால் அடுப்பெரியுமா என்பது. இதை இலேசாகத் தள்ளிவிட இயலாது. திருவொற்றியூரில் எத்தனையோ வீடுகள் ஒப்பந்தக் கூலியில்தான் நடக்கின்றன. இதை எழுதும் அறையின் விளக்கும் அந்தச் சாம்பலின் மறுபக்கம்தான். துறைமுகத்தை மூடுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மதியுங்கள், கொட்டிய சாம்பலைக் கொட்டியவரே அள்ளுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்க வேண்டும் என்றே ஆணையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் காட்டுக்குப்பத்தைச் சேர்ந்த ஒரு மீனவர். பெரிய வழக்கறிஞரோ கட்சித் தலைவரோ அல்லர். இன்னொன்று: கூலிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆலைகளில் நிரந்தர வேலை எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா?

பாரம்பரியம் பற்றியும் சில சொற்கள். 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தைத் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் என்று கொண்டாடுகிறோம். 2005இல் அதைப் புதுப்பித்தார்கள், நல்லது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை மத்தியத் தொல்லியல் துறை வேலியிட்டுக் காக்கிறது, அதுவும் நல்லதே. ஆனால் அதே பழவேற்காட்டில் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய நிறுவிய நிழல் கடிகாரம் இருக்கிறது. பனையோலையில் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன பாடு முறை இருக்கிறது. இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது அந்த ஏரியும் காயலும். ஏரி கெட்டால் கல்லறைகள் மட்டும் எஞ்சும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. ஆணையமும் நிதியும் கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது என்று சொல்ல வேண்டியவர்களில் நாமும் அடக்கம். தென் சென்னையின் பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. நூறு ஈரநிலங்களை மீட்போம் என்று மாநில அரசே இயக்கம் அறிவித்தது. எண்ணூரையும் ஈரநில விதிகளின்கீழ் அறிவித்து, அதை மீட்கும் செலவை மாசு செய்தவர்களிடமிருந்து பெற்றுத் தனி நிதியாக வையுங்கள் என்று கேட்பதில் என்ன தடை?

கேட்கும் நம் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் உண்மை. நூற்றாண்டு கண்ட கல்தூண் பள்ளிவாசல்களை இடித்துவிட்டு, வளைகுடா நாட்டுப் படத்தைப் பார்த்துக் கான்கிரீட் குப்பா எழுப்பியவர்கள் நாம்தாம். இடித்த கல்தூண்கள் எங்கே போயின என்று பல ஊர்களில் முத்தவல்லிக்கே தெரியாது. நம் கல்யாண மண்டபக் கழிவுநீர் எந்தக் கால்வாயில் விழுகிறது என்பதையும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நலம்.

ஆலிம்கள் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியுலகில் சான்றுகள் உண்டு. சான்சிபாருக்கு அருகே மிசாலி என்னும் தீவில் மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்துப் பவளப்பாறைகளை அழித்து வந்தார்கள். அரசின் தடைகளால் ஆகாதது, பூமி அமானிதம் என்ற குர்ஆனியப் போதனையை உஸ்தாதுகள் எடுத்துச் சொன்னபோது பெரிதும் நிறைவேறியது. லெபனானில் 2004 முதல் ஹிமா என்ற அதே பெயரிலேயே ஊராட்சிகளும் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து ஈரநிலங்களைக் காத்து வருகிறார்கள். அங்கே கழிமுகத்தைப் பற்றிப் பேசினால் தீனைப் பேசு என்று எவரும் இடைமறிப்பதில்லை போலும்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்திற்கான பொது விசாரணை 2021 ஜனவரியில் நடக்க இருந்து தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று மீண்டும் குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த எதிர்ப்பில் நம் குரல் மெலிதாக இருந்தது. மீண்டும் தேதி குறிப்பார்கள். 2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், ஆய்வறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும், எந்தக் குடிமகனும் நேரில் பேசலாம், வர இயலாதவர் எழுதி அனுப்பலாம். அந்த முப்பது நாளில் நான்கு ஜும்ஆக்கள் வரும். நிக்காஹ் அறிவிப்பும் ஜனாஸா அறிவிப்பும் செய்யும் அதே ஒலிபெருக்கியில் விசாரணையின் தேதியையும் இடத்தையும் அறிவிக்க எந்த ஃபத்வாவும் தேவையில்லை. பெண்கள் பயான் வட்டங்களில் மனுக்களை எழுதலாம். எண்ணெய் படிந்த மீனை விலைக்கு வாங்கி வீட்டில் முகர்ந்து பார்த்தவர்கள் அவர்கள்தாமே. வக்ஃபுக்காக அச்சடித்த பதாகைகளைச் சுமந்த கைகள் நம்மிடம் இருக்கின்றன.

வேனில் அந்தக் கேள்வியைக் கேட்ட இளைஞரை மறுவாரம் மதரஸாவுக்கு அழைத்தோம். 1996 வரைபடத்தின் நகலை மேசையில் விரித்து, அவர் கேட்ட கேள்விக்கு அன்று சொல்லத் தவறிய பதிலைச் சொன்னோம். அவர் இப்போது தகவல் உரிமை மனு எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார். நகல் மதரஸாவில்தான் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் எவரும் வந்து பார்க்கலாம். மனு எழுதும் எண்ணமிருந்தால் பேனாவும் தாளும் தருகிறோம்.

வஸ்ஸலாம்.